உண்டு, இல்லை, பார்க்கலாம்

காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை எழுபத்தொரு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறேன். இடம் இருக்கா? பதினோரு வருடமாக இதுதான் என் வேலை. நாய், பூனை, எப்போதாவது குதிரை, ஒருமுறை லாரியில் அடிபட்ட நரி என்று எதற்கும் அடைக்கலம் கொடுக்கிற காப்பகங்கள் நாடு முழுக்க எழுபத்தொன்று இருக்கின்றன. அவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது எங்கள் கூட்டமைப்பு. தடுப்பூசி எங்களிடமிருந்து போகும், தீவன மூட்டை எங்களிடமிருந்து போகும், வண்டிகளும் எங்களுடையவை. பதிலுக்கு அவர்கள் செய்யவேண்டியது, இடம் இருக்கும்வரை நாங்கள் அனுப்புகிற பிராணிகளை ஏற்றுக்கொள்வது. எங்கே இடம் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கும் மேசைக்கு இட மேசை என்று பெயர். அந்த மேசையும் நாற்காலியும் நானும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேய்ந்திருக்கிறோம்.

கேள்விக்கு இரண்டே பதில்தான். உண்டு, இல்லை. முதல் ஐந்து வருடம் பதிவேட்டில் இரண்டு கட்டம் இருந்தது, நீல மையில் ஏதாவது ஒன்றில் டிக் அடிப்பேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அது இன்னும் கறார். இரண்டில் ஒன்றைத் தட்டாவிட்டால் அடுத்த காப்பகத்துக்கு நகராது.

ஆனால் மனிதர்கள் இரண்டு கட்டத்துக்குள் பேசுவார்களா என்ன? எனக்கு முன்னால் இந்த மேசையில் இருந்தவர், பொறுப்பை ஒப்படைத்த அன்று, சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே எனக்கு ஒரு விதி சொன்னார்.

“இல்லைன்னு வாய்விட்டுச் சொன்னா மட்டும்தான் இல்லை. இழுத்தாங்க, இருமினாங்க, பேசாம இருந்தாங்கன்னா எல்லாம் உண்டுதான். இல்லேன்னா உன்னால இந்த சீட்ல ஒரு வாரம் உட்கார முடியாது.”

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று முதல் வாரத்திலேயே புரிந்தது. பழைய ஆலைக் கட்டடத்தில் காப்பகம் நடத்துகிற ஒருவர் இருக்கிறார், மில்காரர் என்போம். நான் வணக்கம் சொல்வதற்குள் “இல்லை” என்பார். அவரிடம் பாதிக் கூண்டு காலியாக இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் வாய்விட்டுச் சொல்லிவிட்டாரே, என்ன செய்வது? பூனைகளுக்கு மட்டும் வீடு நடத்தும் ஒரு டீச்சர் இருக்கிறார். “இல்லை மேடம், பெயின்ட் அடிக்கிறோம்” என்று ஏழு வருடமாகப் பெயின்ட் அடிக்கிறார். குறை சொல்லவில்லை. இல்லை என்று சொல்லப் பழகியவர்கள் இந்தத் தொழிலில் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

ஒரே ஒருவர்தான் இல்லை என்று சொல்லவே மாட்டார். நெடுஞ்சாலை ஓரத்தில், மூடிப்போன ஒரு கிடங்குக்குப் பின்னால், நாற்பது பிராணிகளுக்கு அனுமதி பெற்ற காப்பகம். அதை ஒற்றை ஆளாக நடத்துகிற பெண்மணி. இடம் இருக்கா என்றால் முதல் ஒரு வருடம் “இருக்கும்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு, தினமும், மாறாத குரலில், “பார்க்கலாம்மா.”

அலுவலகத்தில் அவருக்குப் பார்க்கலாம் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. நான் கம்ப்யூட்டரில் உண்டு என்பதைத் தட்டுவேன். மாலை நான்கு மணிக்கு, எந்தக் காப்பகமும் எடுத்துக்கொள்ளாத ஏதோ ஒன்று வண்டியில் இரைத்துக்கொண்டிருக்கும். டிரைவர் “எங்க மேடம் போறது?” என்று கேட்பார். நான் பட்டியலைப் பார்ப்பேன். பார்க்கலாம் அக்கா பெயருக்கு எதிரே உண்டு என்று இருக்கும். ஐந்து மணிக்கு நான் பஸ் ஏறிவிடுவேன்.

போன மாதம் எங்கள் கூட்டமைப்பின் ஆய்வாளர் அந்தக் காப்பகத்துக்குப் போய்வந்தார். அவர் கெட்டவர் அல்ல. அளவு நாடாவும் கையுமாக ஊர் ஊராக அலைந்து, ஒரு நாய்க்கு எத்தனை அடி தரை என்று அளக்கிற மனிதர். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் ஆபீசுக்குள்ளேயே வருவார். அன்று என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து அறிக்கையை என் பக்கம் தள்ளினார்.

“நாற்பதுக்கு அனுமதி. எண்ணினேன், நூத்திப் பன்னெண்டு. அதுல ஒரு கழுதை வேற. கண்ணு தெரியாதது.”

கழுதையை அனுப்பியது நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால்.

“சிலருக்கு இது ஒரு வியாதி மேடம்,” என்றார் ஆய்வாளர். “வேணாம்னு சொல்லத் தெரியாது. அன்புன்னு நினைச்சுக்கிட்டுக் குவிச்சுக்கிட்டே போவாங்க. கடைசில அவங்களும் விழுவாங்க, அதுங்களும் விழும். நான் நாலஞ்சு இடத்துல பார்த்துட்டேன்.”

“அங்க எப்படி இருக்கு?”

“சுத்தமாத்தான் இருக்கு. அதைச் சொல்லணும். ஆனா ஒண்ணு மேல ஒண்ணு.” அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “தடைப் பட்டியல்ல போடச் சொல்லி எழுதியிருக்கேன். வேற வழியில்ல.”

தடைப் பட்டியல் என்பது எங்களிடம் இருக்கிற ஒரே கத்தி. அதில் பெயர் ஏறினால் காப்பகம் போகும். அதோடு நிற்காது. அந்த ஆள் வாழ்நாள் முழுக்க எந்தப் பிராணியும் வளர்க்கக்கூடாது. வீட்டில் சொந்தமாக இருப்பதைக்கூட வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். கொடுமைக்காரர்களுக்காக ஏற்படுத்திய பட்டியல் அது. ஆய்வாளர் அறிக்கை கொடுத்து முப்பது நாளுக்குள் செயற்குழு வேறு முடிவு எடுக்காவிட்டால் பெயர் தானாகவே ஏறிவிடும். குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. முப்பதாவது நாள் ஞாயிறு.

செயலாளர் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பெண்மணி இஷ்டப்பட்டுத்தான் பிராணிகளை ஏற்றுக்கொண்டார் என்பதற்கு ஆதாரம் வேண்டும், பழைய பதிவையெல்லாம் எடுத்து ஒரு ஃபைலாகக் கட்டிவை என்றார். புதன்கிழமை முழுக்க அதுதான் வேலை. அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய பதிவேடுகளை இறக்கினேன். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. பக்கம் பக்கமாக நீல டிக். எல்லாம் என் கை. பிறகு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த தாள்கள். எண்ணிப் பார்த்தேன். இரண்டாயிரத்து எண்ணூறு சொச்சம் நாட்கள், ஒரு நாள்கூட ‘இல்லை’ என்று பதிவாகவில்லை. ஒரு மனுஷி இப்படியா இருப்பாள் என்று எனக்கே எரிச்சலாக வந்தது. ஒரு தடவை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன். மகள் போன் செய்தாள். அவள் வேறு ஊரில் இருக்கிறாள், வீடு மாறப் போகிறார்கள்.

“அம்மா, அடுத்த மாசம் ஒரு வாரம் வந்து என்கூட இரேன். சாமானெல்லாம் கட்டணும். ஒத்தையா முடியல.”

ஒரு வாரம் லீவு கேட்டால் செயலாளர் முகம் எப்படிப் போகும், இட மேசையில் யார் உட்காருவார், என் இடுப்பு என்ன ஆகும் என்று ஒரு விநாடியில் எல்லாம் ஓடியது.

“பார்க்கலாம்டி,” என்றேன்.

“சரிம்மா, விடு. நான் அவரோட அக்காவைக் கேட்டுக்கறேன்.”

“என்னடி, பார்க்கலாம்னுதானே சொன்னேன்?”

“அதான் சொல்றேன்.” அவளுக்குக் கோபம்கூட இல்லை. எங்கோ பாத்திரம் உருட்டிக்கொண்டே பேசினாள். “நீ பார்க்கலாம்னா வரமாட்டேன்னு அர்த்தம். எனக்கு ஆறு வயசுலேர்ந்து தெரியும். சைக்கிள் கேட்டப்போ பார்க்கலாம்னே, டூர் கேட்டப்போ பார்க்கலாம்னே. நீ மட்டுமா, எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க? பொண்ணு பார்த்துட்டு, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்னு சொல்லிட்டுப் போனா, யாராவது மண்டபம் புக் பண்ணுவாங்களா?”

அவள் போனை வைத்த பிறகும் நான் அடுப்பு முன்னால் நின்றேன். தண்ணீர் கொதித்து வற்றிப் பாத்திரத்தின் அடி கருகியது. அந்த வாசனை வந்த பிறகுதான் அணைத்தேன்.

பார்க்கலாம் என்றால் இல்லை என்று இந்த மொழி பேசுகிற ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரிகிறது. கடன் கேட்டவனிடம் சொல்கிறோம், வேலை கேட்டு வந்தவனிடம் சொல்கிறோம், மெத்தை விற்க வந்தவனிடம் சொல்கிறோம். கேட்டவனும் சரிங்க என்று எழுந்து போய்விடுகிறான். அந்தப் பெண்மணி பத்து வருடமாகத் தினமும் என்னிடம் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் உண்டு என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன். இரண்டு மணி நேரப் பயணம். பதினோரு வருடமாகக் குரலைத் தவிர அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கனத்த சரீரம், உரத்த ஆள் என்று ஏனோ மனதில் வைத்திருந்தேன். தகரக் கதவைத் தட்டியதும் நூறு தொண்டைகள் ஒரே நேரத்தில் குரைத்தன. கதவைத் திறந்தவர் என் தோள் உயரம்கூட இல்லை. இரண்டு மணிக்கட்டிலும் பேண்டேஜ் துணி சுற்றியிருந்தது. ரப்பர் செருப்பு, முழங்கால்வரை ஈரம்.

“இட மேசையிலேர்ந்து வர்றேன் அக்கா.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“நீங்கதானா ‘இடமிருக்கா’ மேடம்? நாங்க எல்லாரும் உங்களை அப்படித்தான் சொல்லுவோம். உள்ள வாங்க, வழுக்கும், பார்த்து.”

தரை கழுவிவிட்டிருந்தது. பினாயில் வாசனை கண்ணைக் கரித்தது. ஒரு நாய்க்கு என்று கட்டிய கூண்டில் மூன்று. இரண்டு பூனைக்கு என்று செய்த அலமாரியில் ஏழு. ஒவ்வொரு கூண்டின் மேலும் அட்டையில் மருந்து வேளை எழுதிக் கட்டியிருந்தார். சுவர் ஓரமாக வெள்ளைக் கண்ணோடு கழுதை நின்றது. அதன் கழுத்தில் ஒரு பழைய துண்டு. முகங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தாடை உடைந்தது, மழை நாளில் கால்வாயில் எடுத்தது, வீட்டுக்காரர்கள் கேட்டில் கட்டிவிட்டு வெளியூர் போனது. எல்லாம் நான்கு மணிக்கு நான் இவர் தலையில் கட்டியவை.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அதன் அடியில் ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது. நான் உட்கார்ந்தும் எழவில்லை.

“அது காப்பகத்து நாய் இல்லைங்க. என்னோடது. கிழவன்னு கூப்பிடுவேன். பதினாலு வயசு. என்னைத் தவிர யார் வெச்சாலும் சாப்பிடாது. ஒருதடவை நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப மூணு நாள் பட்டினி கிடந்துச்சு.”

சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

“அக்கா, தினமும் நான் இடம் இருக்கான்னு கேட்கும்போது பார்க்கலாம்னு சொல்லுவீங்க இல்ல? என்ன நினைச்சுச் சொன்னீங்க?”

கையிலிருந்த கிண்ணத்தைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார்.

“என்ன நினைச்சா? இடம் இல்லைன்னுதான். எடுத்த எடுப்புல முகத்துல அடிச்ச மாதிரி இல்லைன்னு சொல்ல முடியுமா? நீங்களும் அந்தப் பக்கம் வாயில்லா ஜீவனுக்காகத்தானே கேட்கறீங்க.”

“அப்ப வண்டி வந்தப்ப ஒண்ணும் சொல்லலியே?”

“முதல் தடவை வந்தப்ப அதிர்ச்சியாத்தான் இருந்துச்சு. அப்புறம் நினைச்சேன், இந்தம்மாவுக்கு நான் சொன்னது புரியாம இருக்குமா? புரிஞ்சும் அனுப்புறாங்கன்னா வேற கதியே இல்லாமத்தான் அனுப்பியிருப்பாங்க. நாடு முழுக்கக் கேட்டுட்டு, கடைசியா என்கிட்ட வந்திருப்பாங்க. அப்படி வந்ததைத் திருப்பி அனுப்ப முடியுங்களா?” மறுபடியும் கிண்ணத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். “வண்டில கண்ணு வேற அப்படியே பார்த்துக்கிட்டு இருக்கும்.”

புரியாமல் செய்துவிட்டேன் என்று வேண்டுமானால் சொல்லியிருக்கலாம். அது பாதிப் பொய். என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்பது பாதி நிஜம். அந்தக் குரலில் இருந்த இழுப்பு எனக்குக் கேட்காமல் இல்லை. நான் கேட்க விரும்பவில்லை. அந்த ஒரு உண்டு இல்லாமல் போனால் என்னால் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவ்வளவு கேவலமாக இருந்தது.

“நாளைக்கு மீட்டிங்காமே,” என்றார். ஆய்வாளர் சொல்லியிருப்பார். “எல்லாத்தையும் எடுத்துக்கட்டும் மேடம். என்னாலயும் முடியல, கை ரெண்டும் போச்சு. கிழவனை மட்டும் விட்டுடச் சொல்லுங்க. இன்னும் என்ன, ஆறு மாசம் இருக்குமா அது. முடிஞ்சா சொல்லிப் பாருங்க.”

முடிஞ்சா சொல்லிப் பாருங்க. அவருக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியாது.

வெள்ளி மூன்று மணிக்குச் செயற்குழு கூடியது. நீள மேசை, ஐந்து பேர், பிஸ்கட் தட்டு. தலைவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நல்ல மனிதர், எதற்கும் யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். கூட்டக் குறிப்பு எழுதுவது எப்போதும் நான்தான், கையெழுத்து நன்றாக இருக்குமாம். அந்தக் குறிப்பேட்டிலும் ஒவ்வொரு விஷயத்துக்கும் எதிரே அச்சடித்த இரண்டு கட்டம். ஏற்கப்பட்டது, ஏற்கப்படவில்லை. இந்த அமைப்பை ஆரம்பித்த புண்ணியவான் யாரோ, அவருக்கு மூன்றாவது கட்டம் போட மனம் வரவில்லை.

ஆய்வாளர் அறிக்கையை வாசித்தார். “பதினோரு வருஷம், தினமும் மறுக்கறதுக்கு வாய்ப்பு இருந்திருக்கு. ஒருநாள்கூட மறுக்கல. பதிவு இருக்கு,” என்று ஃபைலைக் காட்டினார். என் ஃபைல்.

நான் பேனாவை மூடிவைத்தேன்.

“பதிவு தப்பு சார்.”

எல்லாரும் திரும்பினார்கள். பதினோரு வருடத்தில் அந்த அறையில் நான் பேசியது டீ வேணுமா என்பது மட்டும்தான்.

“அவங்க தினமும் மறுத்தாங்க. பார்க்கலாம்னு சொன்னாங்க. நான் உண்டுன்னு போட்டேன். அந்த டிக் எல்லாம் என்னோடது. அங்க அதிகமா இருக்கற எழுபத்திரண்டையும் அவங்க சேர்க்கல, நான் சேர்த்தேன்.”

செயலாளர் என்னை முறைத்தார். “பார்க்கலாம்னா பார்க்கலாம்தானே? அதுல எங்க மறுப்பு இருக்கு?”

“சார், போன வருஷம் நான் சம்பள உயர்வு கேட்டப்ப நீங்க பார்க்கலாம்னு சொன்னீங்க. நான் மறுபடி வந்து கேட்டேனா?”

ஒருவர் இருமினார். ஆய்வாளர் தன் அறிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். அக்காவின் பெயர் தடைப் பட்டியலில் ஏறக்கூடாது. நாற்பது போக மிச்சத்தை மற்ற எழுபது காப்பகமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

“இதை ரெக்கார்டுல ஏத்தினா நாமதான் அங்க அடைச்சோம்னு ஆகிடும்,” என்று செயலாளர் மெதுவாகச் சொன்னார். “வெளிய தெரிஞ்சா காப்பகம் ஒவ்வொண்ணா நம்மளை விட்டுக் கழண்டுக்கும்.”

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் அன்பாகச் சொன்னார்.

“பார்க்கலாம்மா. அடுத்த விஷயத்துக்குப் போவோம்.”

அடுத்த விஷயம் வருஷக் காலண்டருக்கு எந்த நாய்க்குட்டிப் படம் போடுவது என்பது. அதற்கு நாற்பது நிமிஷம் ஆனது. நான் அட்டைப் படங்களைப் பார்க்கவில்லை. திறந்திருந்த குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. பார்க்கவே போவதில்லை. ஞாயிறு வரும், பெயர் தானாக ஏறும், திங்கட்கிழமை கிழவனை எடுக்க நானே வண்டி அனுப்ப வேண்டியிருக்கும்.

இழுத்தா, இருமினா, பேசாம இருந்தா எல்லாம் உண்டுதான். இந்த அலுவலகத்தின் விதி அது. நான் உண்டாக்கியது அல்ல.

பேனாவைத் திறந்தேன். ‘தடைப் பட்டியலில் பெயர் சேர்க்காதிருத்தல், அதிகப்படி எழுபத்திரண்டு பிராணிகளைப் பிற காப்பகங்களுக்குப் பகிர்தல்’ என்று என் அழகான கையெழுத்தில் எழுதி, ஏற்கப்பட்டது என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். மை காயும்வரை கையை எடுக்கவில்லை.

பக்கத்தில் இருந்த ஆய்வாளர் பார்த்துவிட்டார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார். “மேடம், அவர் அப்படியா சொன்னார்?”

“இல்லைன்னு சொன்னாரா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சொல்லல.”

“அப்ப உண்டு.”

முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு அளவு நாடாவை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார். கூட்டம் முடிந்ததும் தலைவர் வழக்கம்போலக் குறிப்பேட்டின் அடியில் கையெழுத்திட்டார். யாரிடமோ காலண்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே இட்டார். அவர் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

கையெழுத்துப் போட்ட பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, தடைப் பட்டியல் பிரிவுக்கு ஒன்று, வண்டிப் பிரிவுக்கு ஒன்று கொடுத்தேன். சனிக்கிழமை காலை, விடுமுறை நாள், நான் மட்டும் அலுவலகத்துக்குப் போய்ப் போனை எடுத்தேன். இடம் இருக்கா என்று கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஒவ்வொருவரிடமும், என் தப்பையும் சேர்த்து. பதினைந்தாவது போனுக்குள் வாய் ஓய்ந்துவிட்டது. சொல்லச் சொல்லக் கூச்சம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

மில்காரர் வழக்கம்போல வணக்கத்துக்கு முன்னால் “இல்லை” என்றார். எழுபத்திரண்டைப் பங்கு போடவேண்டும் என்று நான் சொன்னதும், “யார்கிட்டேர்ந்து வருது?” என்றார்.

“நெடுஞ்சாலைக் காப்பகத்து அக்காகிட்டேர்ந்து. பார்க்கலாம் அக்கா.”

“நான் வேணாம்னு சொன்னதெல்லாம் அங்கதான் போச்சா?”

“ஆமா சார்.”

“மூணு அனுப்புங்க,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். டீச்சர் பெயின்ட் வேலை முடிந்துவிட்டது என்றார். எல்லாரும் அப்படி இல்லை. பாதிப் பேர் திட்டினார்கள், சிலர் இல்லை என்று மட்டும் சொன்னார்கள், அவர்களை நான் வற்புறுத்தவில்லை. சனியும் ஞாயிறும் சேர்த்து நாற்பத்தாறுக்கு இடம் கிடைத்தது. மிச்சம் இருபத்தாறு. அதில் கழுதை ஒன்று. கழுதைக்கு எங்கேயும் இடமில்லை.

ஞாயிறு சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தேன். நாலு நாள் வருகிறேன், ஒரு வாரம் முடியாது, இடுப்பு வலி, மூட்டை தூக்க மாட்டேன், மடித்து மட்டும் தருவேன் என்றேன். “என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றாள். நான் இவ்வளவு தெளிவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

திங்கட்கிழமை என் மேசைமேல் செயலாளரின் கடிதம் இருந்தது. கூட்டக் குறிப்பில் உள்ளதற்கு மூன்று நாளில் விளக்கம் தரவும் என்று. இந்த மேசையில் இன்னும் எத்தனை நாள் உட்காருவேன் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது, இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ஆனால் ஏழு வண்டி ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தது. கிளம்பிய வண்டியைத் திருப்புவதற்கும் ஒரு படிவம் இருக்கிறது, அதை நிரப்பவேண்டியவளும் நான்தான்.

மணி ஒன்பது. கம்ப்யூட்டரைத் திறந்து, பட்டியலில் முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தேன். ஐம்பத்து மூன்றாவதாகப் பார்க்கலாம் அக்கா வந்தார். பின்னால் குரைப்புச் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது போலத் தோன்றியது. கிழவன் சாப்பிட்டதா என்று கேட்டேன். சாப்பிட்டது என்றார். பிறகு, கேட்டாக வேண்டியதைக் கேட்டேன்.

“இடம் இருக்கா அக்கா?”

அவர் மூச்சு விடுவது கேட்டது. சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். எனக்காக அல்ல, அவருக்காகவே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லட்டும் என்று இருந்தது.

“பார்க்கலாம்மா,” என்றார்.

நான் இல்லை என்பதைத் தட்டினேன்.